கோர்ட் கலையும் வரை

ஆஸ்பத்திரியில வேலையா உங்களுக்கு? கழுத்துல அட்டை தொங்குதே, அதான் கேட்டேன். நர்ஸா. நல்லது. அப்ப உங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கு, தெரியுமா? வார்டுக்குள்ள வந்து எவனாவது உங்க மேல கை வச்சா லேசுல ஜாமீன் கிடைக்காதாம். எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. ஸ்டேஷன்ல ஒரு ஏட்டு, என்கூட வேலை பாத்த சௌந்தரிங்கிற பொண்ணுகிட்ட சொல்லிருக்கார். சௌந்தரி என்கிட்ட சொன்னா.

நீங்க தென்காசி வரைக்குமா? நான் அதுக்கு முன்னாலயே இறங்கிருவேன். தூக்கம் வந்தா தூங்குங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டு வர்றேன். பகல் பூரா ஒரே பெஞ்சுல வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன்.

கோர்ட்டுல. எனக்குக் கேஸ் எதுவும் இல்ல. நான் சாட்சி. சாட்சியா இருந்தேன். இன்னைக்குத் தீர்ப்பு. பள்ளிக்கூடத்துல பல்லுவலின்னு லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். சாட்சி சொன்னவங்க தீர்ப்புக்குப் போகணும்னு ஒண்ணும் இல்ல. போனேன்.

நான் தமிழ் டீச்சர். பேர் இந்திராணி. ஒரு மெட்ரிக் பள்ளியில பத்தொன்பது வருஷமா இருக்கேன். என் மகளும் அங்கதான், எல்.கே.ஜி. டீச்சரா இருக்கா. தாளாளர் எங்களை வெளியாளா நினைச்சதே இல்ல. "இந்திராணி மேடம் நம்ம குடும்பம்"னு ஆண்டு விழா மேடையிலயே சொல்லிருக்கார்.

சௌந்தரி எங்க பள்ளிக்கு வந்தப்ப அவளுக்கு இருபத்தேழு வயசு இருக்கும். சயின்ஸ் டீச்சர். சிவகிரிப் பக்கம் ஊர். கண்ணாடி போட்டிருப்பா. சத்தமா சிரிப்பா, அதுக்கு நானே ரெண்டு தடவை சொல்லிருக்கேன், ஸ்டாஃப் ரூம்ல இப்படிச் சிரிக்காதம்மான்னு. சரி மேடம்னுவா, மறுநாளும் சிரிப்பா. பிள்ளைங்களுக்கு அவளைப் பிடிக்கும். ஆட்டு நுரையீரலை வாங்கிட்டு வந்து குழாய் வச்சு ஊதிக் காட்டினா. என் வகுப்புப் பிள்ளைங்க எல்லாம் எட்டிப் பாத்துச்சு. நான் வல்லினம் மிகும் இடம் நடத்திட்டு இருந்தேன்.

எட்டிப் பாக்கலாம். அவ எட்டு பி, நான் எட்டு ஏ. நடுவுல சுவர் கிடையாது, பிளைவுட் தட்டிதான். அதுவும் கரும்பலகைப் பக்கம் முழுசா வராது. ஒரு ஆள் நுழையிற அளவு சந்து இருக்கும். என் போர்டுகிட்ட நின்னா அவ மேஜை தெரியும். சாக்பீஸ் தீர்ந்துட்டா அது வழியா கையை நீட்டுவா.

ரெண்டரை வருஷம் ஆச்சு இது நடந்து. ஒரு ஆகஸ்ட் மாசம். தர்ஷனான்னு ஒரு பிள்ளை, எட்டு பி. பாடம் நடக்கும்போது மேஜைக்கு அடியில போன் பாத்துட்டு இருந்திருக்கு. சௌந்தரி போனை வாங்கி ஆபீஸ்ல கொடுத்துட்டா. பள்ளி டைரியிலயே அச்சடிச்சிருக்கு, போன் கொண்டு வந்தா ஆபீஸ்ல ஒப்படைக்கணும், பெற்றோர் வந்து எழுதிக் கொடுத்து வாங்கிக்கணும்னு. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். சௌந்தரி அந்தப் பிள்ளையைத் திட்டக்கூட இல்ல. "அப்பாவைக் கூட்டிட்டு வாம்மா"ன்னு மட்டும் சொன்னா. நான் கேட்டேன்.

மறுநாள் காலையில, ரெண்டாவது பீரியட், அப்பா வந்தார். வேல்சாமின்னு பேர். கடைவீதியில பெரிய ஹார்ட்வேர் கடை. எங்க பள்ளியில விளையாட்டு விழான்னா பந்தல் அவர் செலவுதான். ஆபீசுக்குப் போகல. நேரா வகுப்புக்கு வந்துட்டார். வாட்ச்மேன் பின்னாலயே ஓடி வந்தார், நிறுத்தல.

என் மகளை எல்லார் முன்னாலயும் திருடி மாதிரி நிக்க வச்சியாடின்னு கேட்டார். அதுக்கு மேல கேட்டதை நான் சொல்ல மாட்டேன். நாற்பத்திரண்டு பிள்ளைங்க உக்காந்திருக்கு, அவர் மகளும் உக்காந்திருக்கு. சௌந்தரி, சார் ஆபீசுக்கு வாங்க, அங்க பேசலாம்னா. அவ்வளவுதான் சொன்னா. அவர் அவ கழுத்துல கிடந்த ஐடி கார்டுக் கயித்தைப் பிடிச்சு இழுத்தார். இழுத்துட்டு அறைஞ்சார். கண்ணாடி பறந்துபோய் முதல் பெஞ்சுக்கு அடியில விழுந்துச்சு.

என் வகுப்புப் பிள்ளைங்க எல்லாம் சந்துப் பக்கம் திரும்பிருச்சு.

நான் என்ன பண்ணினேன்னா, சத்தத்தைக் கூட்டினேன். பாடத்தை நிறுத்தல. எங்க பிள்ளைங்க காதுல அந்த வார்த்தை எல்லாம் விழக்கூடாதுல்ல. இரண்டாம் வேற்றுமை விரியில வல்லினம் மிகும், எழுதுங்க, எழுதுங்கன்னு உரக்கச் சொன்னேன். பிள்ளைங்க எழுதுச்சு. எனக்கு அதுதான் அந்த நேரத்துல தோணுச்சு. பிள்ளைங்களைப் பாதுகாக்கணும்ல.

அவர் போயிட்டார். ஆயா உச்சிமாளி விளக்குமாறோட வந்து கண்ணாடிச் சில்லைப் பெருக்கினா. சௌந்தரி மேஜையைப் பிடிச்சுட்டு நின்னா, பெல் அடிக்கிற வரைக்கும். பிறகு அடுத்த வகுப்புக்குப் போனா. அவளுக்கு ஏழு ஏ-ல பாடம் இருந்துச்சு. கண்ணாடி இல்லாம எப்படி நடத்தினான்னு தெரியல.

அன்னைக்குச் சாயங்காலமே தாளாளர் அவளைக் கூப்பிட்டார். நானும் இருக்கணும்னு சொன்னார், மூத்த பெண் ஆசிரியர்னு. ரொம்பத் தன்மையாத்தான் பேசினார். வேல்சாமி கோபக்காரர், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டார், நாளைக்கு வர்றார், நீ ஒரு சாரி சொல்லிரும்மான்னார். சௌந்தரி, யாரு சார் சாரி சொல்லணும்னு கேட்டா. நீதான்னார். அவர் மகளைப் பிள்ளைங்க முன்னால நிக்க வச்சதுக்குன்னார். அவ என்னைப் பாத்தா. நான் தலையை ஆட்டினேன், சொல்லிருன்னு. நல்லதுக்குத்தான் ஆட்டினேன்.

அவ நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டா.

அங்கதான் அந்த ஏட்டு சட்டம் சொன்னது. நல்ல மனுசன்தான் போல. கவர்ன்மென்ட் ஸ்கூல் டீச்சரா இருந்தா அரசு ஊழியரைப் பணி செய்யவிடாம தடுத்தது, தாக்கினதுன்னு போடலாம்மா, ஆஸ்பத்திரின்னா அதுக்குன்னு சட்டம் இருக்கு, நீ தனியார் ஸ்கூல் டீச்சர், உனக்குத் தனியா ஒண்ணும் இல்லையேன்னு சொல்லிருக்கார். தெருச்சண்டைக்குப் போடுறதைத்தான் போடணும், சாதாரணக் காயம், ஆபாசமாத் திட்டினதுன்னு. மறுநாள் அவ என்கிட்ட வந்து சொன்னா. "மேடம், வகுப்புக்குள்ள நின்னாலும் நாம தெருவுலதான் நிக்கிறோமாம்." சிரிச்சுட்டுத்தான் சொன்னா. ஆனா சத்தம் வரல.

ரெண்டு நாள் அலைஞ்சு, தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய், வழக்குப் போட வச்சா. மூணாம் நாள் ஒரு லேடி போலீஸ் பள்ளிக்கு விசாரிக்க வந்துச்சு. வராந்தாவுல என்னை நிறுத்தி, பக்கத்து வகுப்பு நீங்கதானே, பாத்தீங்களான்னு கேட்டுச்சு. பாத்தேன்னு சொன்னேன். கயித்தைப் பிடிச்சு இழுத்தது, அறைஞ்சது, எல்லாம் சொன்னேன். கேட்டாங்க, சொன்னேன். அதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தப் பொண்ணு ஒரு நோட்டுல எழுதிட்டுப் போச்சு.

அதுக்கு அடுத்த நாள்தான் தாளாளர் ஸ்டாஃப் மீட்டிங் போட்டார். சௌந்தரியை மட்டும் கூப்பிடல. வேல்சாமி தன் மகளை மாத்துறேங்கிறார், அவரோட சேர்ந்து முப்பது பிள்ளைங்க போகும், பிறகு பள்ளிக்கூடம் எப்படி நடக்கும், உங்க எல்லாருக்கும் எப்படி வேலை இருக்கும்னு கேட்டார். யாரையும் மிரட்டல. கவலையாத்தான் கேட்டார். நிர்வாகம் ஒரு விசாரணை வைக்கப் போகுது, எல்லாரும் நடந்ததை எழுதிக் கொடுங்கன்னார். சொல்லிட்டு, என்னைப் பாத்து, "மேடம், நீங்க வாசகம் சொன்னா நல்லா இருக்கும்"னார்.

நல்ல தமிழ் எழுத ஆள் இல்ல அங்க. கணக்கு டீச்சர் ஒரு லீவு லெட்டர் எழுதினா நாலு தப்பு இருக்கும். அதனால நான் எழுந்து நின்னு சொன்னேன். 'மேற்படி நாளன்று எனது வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அருகில் ஏதோ உரத்த பேச்சு கேட்டது. யார் பேசியது என்பதையோ, என்ன நடந்தது என்பதையோ நான் பார்க்கவில்லை.' பதினோரு பேர் குனிஞ்சு எழுதினாங்க. கேட்டது-வுக்கு அப்புறம் முற்றுப்புள்ளியா கமாவான்னு ஒருத்தி கேட்டா. முற்றுப்புள்ளின்னேன். நானும் ஒண்ணு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதுல பொய்யின்னு ஒரு வரியைக் காட்டுங்க பாப்போம். பாடம் நடத்தினது நிஜம். பேச்சு கேட்டதும் நிஜம்.

கடைசி வரி, சரி. அது இருக்கு.

உச்சிமாளிகிட்ட யாரும் எழுதி வாங்கல. அவளுக்கு எழுதத் தெரியாது. அதனால அவளை மீட்டிங்குக்கே கூப்பிடல.

அந்தப் பன்னிரண்டு தாளையும் வச்சு, சௌந்தரி மாணவியிடம் கடுமையா நடந்துக்கிட்டாங்கன்னு மெமோ கொடுத்தாங்க. ஏப்ரல் வரைக்கும் வந்துட்டுதான் இருந்தா. யாரும் அவகூடச் சாப்பிட உக்காரல. ஒதுக்கணும்னு இல்ல. பேசினா அந்தப் பேச்சு வரும், வந்தா என்ன சொல்றது. நான் அந்த நேரத்துல நூலகத்தைப் பாத்துக்க ஆரம்பிச்சேன். ஜூன்ல அவளுக்கு ஆர்டர் புதுப்பிக்கல. அனுபவச் சான்றிதழ் கேட்டு ரெண்டு மூணு தடவை வந்தா. கொடுக்கல. வேற பள்ளிக்கூடத்துல, அங்க எதுக்கு விட்டீங்கன்னு கேப்பாங்கல்ல, இவ கேஸ் இருக்குன்னு சொல்லுவா. அப்படியே போயிருச்சு.

என் மகள் ஒருநாள் துணி மடிச்சுட்டே கேட்டா, "ஏம்மா, அந்த அறை எனக்கு விழுந்திருந்தா நீ என்ன எழுதிருப்ப?"ன்னு. சாப்பிட வான்னு சொன்னேன். வந்து சாப்பிட்டா. அன்னைக்கு என்ன குழம்புன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த வருஷம் பூராவே என்ன சாப்பிட்டேன்னு தெரியல. டாக்டர்கிட்ட காட்டினேன், சுகர் இல்ல, பிரஷர் இல்லன்னுட்டார்.

போன வருஷம் சம்மன் வந்துச்சு. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சௌந்தரி வீட்டுக்கு வந்தா. காபி கொடுத்தேன். மெலிஞ்சுதான் போயிருந்தா. புதுக் கண்ணாடி. கெஞ்சுவான்னு நினைச்சேன். கெஞ்சல. பன்னிரண்டு பேரும் எழுதிக் கொடுத்ததை அவ வக்கீல் வாங்கிக் காட்டிருக்கார். படிச்சேன் மேடம், தப்பே இல்லாம இருந்துச்சுன்னா. பிறகு டம்ளரைக் கீழ வச்சுட்டு, "நீங்க எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம். பாத்ததைச் சொன்னா போதும்"ன்னா. பாப்போம்மான்னேன். அவ அதுக்கு மேல உக்காரல.

கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னால தாளாளர் கார் அனுப்புறேன்னார். வேண்டாம் சார், பஸ்லயே போறேன்னுட்டேன். அது ஒரு மரியாதை.

கூண்டுல ஏத்தினாங்க. கூண்டுன்னா சின்னதுதான், மரச்சட்டம் இடுப்பு வரைக்கும். அரசு வக்கீல் கேட்டார், சம்பவத்தைப் பாத்தீங்களா? சத்தம் கேட்டதுன்னேன். பாத்தீங்களா? சத்தம் கேட்டது. அவர் அந்த லேடி போலீஸ் எழுதின தாளை எடுத்துப் படிச்சார், பாத்தேன்னு சொல்லிருக்கீங்களேன்னு. நினைவில்லைன்னேன். அவர் ஜட்ஜம்மாகிட்ட ஏதோ சொன்னார். ஜட்ஜம்மா டைப் அடிக்கிறவர்கிட்ட சொன்னாங்க, இந்தச் சாட்சி பிறழ்சாட்சியாகக் கருதப்படுகிறார்னு.

பிறழ்சாட்சி. பிறழ்ந்த, பிறழ்கின்ற, பிறழும் சாட்சி. வினைத்தொகை. மூணு காலத்துக்கும் பொருந்தும். பத்தொன்பது வருஷமா வினைத்தொகைக்கு ஊறுகாய், சுடுசோறுன்னே எடுத்துக்காட்டு சொல்லிட்டு இருந்தேன். இந்தச் சொல் தோணினதே இல்ல. கூண்டுல நின்னுட்டு இதைத்தான் யோசிச்சேன். வெக்கம் வரும்னு நினைச்சேன், வரல. பயமும் இல்ல. கால் மரத்துப்போன மாதிரி இருந்துச்சு. இறங்கச் சொன்னாங்க, இறங்கினேன்.

எனக்கு அடுத்து உச்சிமாளி. சௌந்தரியோட வக்கீல்தான் அவ பேரைச் சாட்சிப் பட்டியல்ல சேக்க வச்சிருக்கார். அவளுக்குச் சம்மன் வந்தது தாளாளருக்கே தெரியல. மடிப்புக் கலையாத சேலையில வந்திருந்தா. பாத்தியாம்மான்னாங்க. "பாத்தேன். கயித்தைப் பிடிச்சு இழுத்து அறைஞ்சாரு. கண்ணாடிச் சில்லை நான்தான் அள்ளினேன்"னா. எதிர்த்தரப்பு வக்கீல் விடல. பன்னிரண்டு படிச்ச டீச்சர்மார் பாக்கலங்கிறாங்க, நீ மட்டும் எப்படிப் பாத்தேன்னு கேட்டார். அவளுக்குக் கேள்வியே விளங்கல. திரும்பவும் கேட்டார். "நான் வாசல்ல நின்னேன் சார், கண்ணு திறந்திருந்துச்சு"ன்னா. ஜட்ஜம்மா குனிஞ்சு எழுதினாங்க.

அந்த மாசமே உச்சிமாளியை நிறுத்திட்டாங்க. இப்ப நூறு நாள் வேலைக்குப் போறாளாம். கடைவீதியில பாத்தா, நல்லாருக்கீங்களா டீச்சர்னு கேப்பா. நல்லாருக்கேன்னுவேன். அவ மனசுல ஒண்ணும் வச்சுக்கல.

சௌந்தரி இப்ப ஒரு லேப்ல ரத்தம் எடுக்குற வேலை பாக்குறா. உங்க பக்கத்துக்கு வந்துட்டா. அங்க யாராவது கை வச்சா, உங்க சட்டம் அவளுக்கும் பொருந்தும்னு நினைக்கிறேன். லேபும் ஆஸ்பத்திரி மாதிரிதானே. நீங்கதான் சொல்லணும்.

இன்னைக்கு பதினொன்றரைக்குக் கூப்பிட்டாங்க. ஜட்ஜம்மா படிச்சாங்க. ஒரு சாட்சி உண்மையா இருந்தா போதும்னு ஏதோ வந்துச்சு. பள்ளி வகுப்பறை கடைவீதி அல்லன்னு ஒரு வரி, அது எனக்கு நல்லா இருந்துச்சு. குற்றம் நிரூபணமாயிருச்சு. கொஞ்சம் அபராதம். தண்டனை, நீதிமன்றம் கலையும் வரை. உங்களுக்கு அது என்னன்னு தெரியுமா? ஜெயிலுக்குப் போக வேண்டாம். அன்னைக்குக் கோர்ட் முடியிற வரைக்கும் உள்ளேயே இருக்கணும். வெளிய போகக்கூடாது. முதல் குற்றம், குடும்பஸ்தர்னு வேல்சாமியோட வக்கீல் கேட்டுக்கிட்டார்.

ரெண்டரை வருஷத்துக்கு ஒரு பகல். அவ்வளவுதானான்னு எனக்கே இருந்துச்சு.

வேல்சாமியைப் பின்னால சுவர் ஓரமா ஒரு பெஞ்சுல உக்கார வச்சாங்க. பக்கத்துல ஒரு போலீஸ்காரர். சௌந்தரி கிளம்பிருவான்னு நினைச்சேன். அவ வக்கீல்கூட, வாம்மா, அவ்வளவுதான்னார். அவ போகல. எந்திரிச்சுப் போய், அவருக்கு நேரா எதிர்ப்பக்கம் இருந்த பெஞ்சுல உக்காந்தா. பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் உக்காந்திருப்பாங்கல்ல, அது மாதிரி. கையை மடியில வச்சுட்டு அவரையே பாத்துட்டு இருந்தா. கோபமா எல்லாம் இல்ல. ஒரு பிள்ளை எழுதுதா இல்லையான்னு பாக்குற மாதிரி.

அவர் முதல்ல போனைப் பாத்தார். உள்ள போன் கூடாதுன்னு போலீஸ்காரர் வாங்கி வச்சுக்கிட்டார். பிறகு மேல ஃபேனைப் பாத்தார். தரையைப் பாத்தார். வேற வேற கேஸ் வந்துச்சு, வாய்தா வாங்கிட்டுப் போச்சு. மத்தியானம் ஜட்ஜம்மா சாப்பிடப் போனாங்க, ஹால் காலியாச்சு. அப்பவும் அவர் உக்காந்திருந்தார், இவளும் உக்காந்திருந்தா. தண்ணி பாட்டில்ல ஒரு வாய் குடிச்சா. மூணு மணிக்கு மேல அவர் வேட்டி நுனியால முகத்தைத் துடைச்சார். வேர்வையோ என்னவோ. எனக்கு அவ்வளவு தூரத்துல தெரியல.

நானா? நானும் உக்காந்திருந்தேன். கடைசி பெஞ்சுல, தூணுக்குப் பக்கத்துல. எனக்கு யாரும் உக்காருன்னு சொல்லல. ஒண்ணேகாலுக்கு ஒரு பஸ் இருந்துச்சு, போயிருக்கலாம். மூணுக்கு ஒண்ணு. எந்திரிக்கணும்னு நினைப்பேன், பிறகு உக்காந்திருப்பேன். கொண்டுபோன டிபனைத் திறக்கல. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. வெளிய வெயில் அதிகம்.

அஞ்சரைக்கு மேல ஜட்ஜம்மா எந்திரிச்சாங்க. எல்லாரும் எந்திரிச்சோம். போலீஸ்காரர் வேல்சாமிகிட்ட போனைக் கொடுத்தார். அவர் யாரையும் பாக்காம வேகமாப் போயிட்டார். ஃபேனை நிறுத்தினாங்க. ஜன்னலைச் சாத்த ஆரம்பிச்சாங்க. அப்பவும் நான் தூணுகிட்டயே நின்னுட்டு இருந்தேன் போல.

சௌந்தரி பையை மாட்டிட்டு என் வழியாத்தான் வந்தா. நின்னா. இத்தனைக்கும் பிறகு என்ன சொல்லுவாளோன்னு இருந்துச்சு. அவ முகத்துல ஒண்ணும் இல்ல. மெதுவாத்தான் சொன்னா, "கோர்ட் கலைஞ்சிருச்சு மேடம். நீங்களும் போகலாம்."

பஸ்ஸைப் பத்திச் சொல்றான்னு நினைச்சேன். ஆறு மணிக்கு ஒண்ணு இருக்கும்மா, போயிருவேன்னு சொன்னேன்.